சி.டி. ஸ்கேன் ஊசியின் இளஞ்சூட்டுக்கு ஒரு சொல்: ‘வெதுப்போட்டம்’

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சி.டி. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்காக அயோடின் மருந்தைச் செலுத்தும்போது உடலில் எழும் சூட்டுணர்வுக்கு, கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கத் தாங்கள் முன்மொழிந்த ‘வெப்பத் தாக்கம்’ என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். செய்தித்தாள்களில் அது கோடை வெயிலின் கெடுதலைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் ஸ்கேனுக்குப் போகும் முதியவர்களின் கையில் கொடுக்கும் தாளில் அச்சொல்லைக் கண்டால், தமக்கு ஏதோ தீங்கு நேரப்போகிறது என்றே எண்ணுவர்.

இவ்வுணர்வின் காரணம் தெளிவானது. மருந்தின் சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது சுற்றியுள்ள நீரைத் தன்பால் இழுக்கும் திறன், இரத்தத்தினுடையதைவிட மிகுதி. நொடிக்கு 3 முதல் 5 மில்லி என்ற வேகத்தில் அது பாயும்போது இரத்தக் குழாய்கள் விரிய, தொண்டையில் தோன்றும் இளஞ்சூடு மார்பு வழியாக அடிவயிற்றுக்கும் இடுப்புக்கும் இறங்கி, ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. பழைய மருந்துகளில் அவ்வழுத்தம் இரத்தத்தைப் போல 5 மடங்குக்கும் மேல் இருந்தது. இன்று பெரிதும் வழங்குபவற்றில் 2 முதல் 3 மடங்குதான் என்பதால் உணர்வும் தணிந்திருக்கிறது.

ஆகவே, பரவுவதையும் கடந்துபோவதையும் ஒருசேரச் சொல்லும் ‘வெதுப்போட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். வெதுவெதுப்பு எல்லோரும் அறிந்தது. ‘வெதுப்பு’ ஈழத்தில் பேக்கரியைக் குறிக்கும் வெதுப்பகம் என்ற சொல்லில் நாள்தோறும் வழங்குகிறது. ஓட்டம் இரத்த ஓட்டத்தை நினைவூட்டும்.

‘எரிச்சல்’, ‘காந்தல்’ இரண்டையும் இவ்விடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஊசி குத்திய இடத்தில் மருந்து குழாயைவிட்டுக் கசிந்து தோலுக்கடியில் தேங்கினால், அங்கே வலியும் வீக்கமும் எரிச்சலும் உண்டாகும். அதை நோயாளி உடனே சொல்லியாக வேண்டும். பணியாளர்கள் கண்ணாடிக்கு அப்பால் இருக்க, இயந்திரத்தின் மேசையில் தனியே படுத்திருப்பவர், ‘உடலில் எரிச்சல் தோன்றலாம்’ என்று முன்பே படித்திருந்தால், கசிவையும் இயல்பென்று கருதிப் பொறுத்துக்கொண்டுவிடுவார். அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவையும் உடனே சொல்ல வேண்டியவையே. இயல்பானதற்கு ஒரு சொல், எச்சரிக்கைக்கு வேறொரு சொல் என்ற பிரிவினை கலைச்சொல்லிலேயே அமைந்துவிட வேண்டும்.

சிறுநீர் பிரிந்துவிட்டது போன்ற உணர்வுக்கு அம்மையார் ஒருவர் ‘அனிச்சை நீர்க்கழிவு’ என்றார்கள். அது உண்மையிலேயே நீர் பிரிவதைக் குறித்துவிடும். துணி நனைந்துவிட்டதோ என்று கூசி அசையும் ஆச்சிமாருக்கு, ‘சிறுநீர் பிரிந்ததுபோல் தோன்றும், ஆனால் பிரிந்திராது’ என்ற முழு வாக்கியமே ஆறுதல். அசைந்தால் படமும் கலங்கும். இதற்குத் தனிச்சொல் தேவையில்லை.

வாயில் தோன்றும் சுவைக்கு ‘களிம்புச் சுவை’ என்று எழுத எனக்கு ஆசையுண்டு. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு நின்றால் களிம்பேறும் என்பதை எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் மருந்துக் கடைகளில் களிம்பு என்பது தோலில் பூசும் மருந்தாகிவிட்டதால், கலைச்சொல்லாக ‘உலோகச் சுவை’யே இருக்கட்டும், நோயாளிக்கான விளக்கத்தில் ‘பித்தளைச் சொம்பில் வெகுநேரம் நின்ற மோர்போல’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்தின் பெயரைப் பொறுத்தவரை, ‘சாயம்’ வேண்டாம். அது நிறமற்றது, எதற்கும் நிறமேற்றுவதில்லை, அயோடின் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால் குழாய்கள் படத்தில் வெண்மையாகத் துலங்குகின்றன. ‘துலக்கி’ என்றால் போதும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பயன்படும் கடோலினியம் மருந்தின் அளவு மிகக் குறைவு. இத்தகைய சூடு பொதுவாக உண்டாவதில்லை. எனவே வெதுப்போட்டத்தை அயோடின் துலக்கியின் கீழ் மட்டும் பதிந்து, ‘ஊசி செலுத்தியதும் உடலெங்கும் பரவி விரைவில் அடங்கும் இளஞ்சூட்டுணர்வு’ என்று பொருள் தருமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து