மறு: ஆர்பிட்டல் ஏபெக்ஸ் சிண்ட்ரோமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்பிட்டல் ஏபெக்ஸ் சிண்ட்ரோம் என்பது, விழி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியின் பின்கோடியில் கோளாறு வந்து, பார்வையும் விழியசைவும் சேர்ந்து கெடும் நிலை. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கண்குழி உச்சி நோய், கண்குழி முனை அழற்சி, விழிக்கூட்டு நுனி நோய்த்தொகை. மூன்றிலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் இரண்டாவதை நாம் எடுத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

> பெரும்பாலும் வீக்கத்தால் வருவதுதானே? அழற்சி என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அழற்சி பல காரணங்களில் ஒன்று. காரணம் தெரியாமல் கண்ணுக்குப் பின்னால் வலியோடு வரும் டொலோசா-ஹன்ட் வகை அழற்சி, உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸ், தைராய்டு கண் நோய் இவை ஒரு பக்கம். மூக்கையொட்டிய காற்றறைகளான சைனஸில் தொடங்கும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகள், நெற்றியில் வரும் அக்கி இன்னொரு பக்கம். இவை போக நிணநீர்ப் புற்றான லிம்போமா, மூக்குத்தொண்டைப் புற்று, வேறு இடத்திலிருந்து பரவி வந்த கட்டி, விபத்தில் உடைந்து உள்ளே குத்தும் எலும்புச் சில்லு, சைனஸ் அறுவையின்போது நேரும் காயம் என்று பட்டியல் நீள்கிறது. அத்தனைக்கும் ஒரே பெயர்.

அழற்சி என்று படித்ததும் மருத்துவ மாணவருக்கு அடுத்து நினைவுக்கு வருவது ஸ்டீராய்டு. காரணம் மியூகர் என்னும் கறுப்புப் பூஞ்சையாக இருந்தால் அந்த ஸ்டீராய்டு உயிருக்கே உலை வைக்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயாளியின் சைனஸில் தொடங்கும் அந்தப் பூஞ்சை, இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து, அடைத்துக்கொண்டே பின்னால் நகரும். மூக்கின் உள்ளோ அண்ணத்திலோ கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்வது அதனால்தான். லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும் என்பதால், வலி குறைந்ததை வைத்து அழற்சிதான் என்று முடிவுகட்டவும் முடியாது. ஆகவே நம் சொல் காரணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இடத்தை மட்டும் சொன்னால் போதும்.

சரி, எந்த இடம்? 'உச்சி' என்றதும் நம் மனம் மேலே போகிறது, புருவத்தடிக்கு. கண்குழி ஒரு புனலைப் படுக்கவைத்த மாதிரி. அகன்ற வாய் முகத்தில், குறுகிய முனை மண்டையின் உட்பக்கம். பெரியவர்களுக்கு விளிம்பிலிருந்து அந்த முனைவரை ஏறத்தாழ 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம். அங்கேதான் பார்வை நரம்பு தன் எலும்புக் கால்வாய் வழியாக நுழைகிறது. அதை ஒட்டிய மேற்பிளவு வழியாக விழியை அசைக்கும் 3, 4, 6 ஆம் மண்டை நரம்புகளும், நெற்றிக்கும் கருவிழிக்கும் உணர்வு தரும் 5 ஆம் நரம்பின் முதல் கிளையும் வருகின்றன. இவ்வளவும் ஒரு சிறு இடத்தில் நெருக்கிக்கொண்டு கிடப்பதால், சின்னப் புண்ணோ கட்டியோ போதும், எல்லாமே சேர்ந்து கெடும்.

நோயாளியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேலிமை தொங்கிக் கிடக்கும். விரலால் தூக்கிப் பிடித்து, இடம் வலம் மேல் கீழ் பார்க்கச் சொன்னால் விழி கொஞ்சமும் நகராது. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டால் இமைக்க மாட்டார். அந்தப் பக்க நெற்றி மரத்திருக்கும். பார்வை மங்கும், சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். பாவை, அதாவது ஒளி உள்ளே போகும் கண்மணித் துளை, விரிந்தபடியே நின்றுவிட்டால் பார்வை நரம்பை எப்படிச் சோதிப்பது என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மறு கண்ணின் பாவையைக் கவனிக்க வேண்டும். நல்ல கண்ணில் ஒளி பட்டதும் அது சுருங்கும்; விளக்கை நோயுள்ள கண்ணுக்கு மாற்றியதும் விரிந்தால், பார்வை நரம்பு அடிபட்டிருக்கிறது என்று பொருள். விழிப்பிதுக்கம் பல சமயம் லேசாகத்தான் இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. அதனால் பெயரில் 'பிதுக்கம்' சேர்க்கலாம் என்ற யோசனையும் சரிவராது.

என் முன்மொழிவு: கண்குழிப் பின்முனைக் கூட்டறிகுறி. 'கடைமுனை' என்றும் யோசித்தேன். கடைக்கண் நினைவுக்கு வந்து குழப்பும் என்று விட்டுவிட்டேன். 'நோய்த்தொகை' பல நோய்கள் சேர்ந்தது என்று ஒலிக்கிறது. சேர்ந்து வருபவை அறிகுறிகள்தாம். சொல் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அறிக்கைகளில் 'பின்முனைக் கூட்டறிகுறி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பால் இன்னொரு வசதியும் உண்டு. பார்வை நரம்பு மட்டும் தப்பித்து மற்றவை கெட்டிருந்தால் அது 'கண்குழி மேற்பிளவுக் கூட்டறிகுறி'. இன்னும் பின்னால், மண்டைக்குள் சிரை இரத்தம் தேங்கி ஓடும் கேவர்னஸ் சைனஸில் கோளாறு என்றால் கன்னமும் மரத்துப்போகலாம், சிலருக்கு மறு கண்ணும் பாதிக்கப்படலாம். மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்தால், முன்னும் பின்னுமாக எந்த இடத்தில் கோளாறு என்பது தெரிந்துவிடும். ஸ்கேன் கேட்பவர் எங்கே கவனித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

கேவர்னஸ் சைனஸுக்கு 'குகைக்குடா' போதுமா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. அது சிரை இரத்தம் ஓடும் இடம்; மூக்கையொட்டிய காற்றறைகளையும் நாம் சைனஸ் என்றே சொல்கிறோம். இந்த நோயில் இரண்டு சைனஸும் ஒரே பத்தியில் வரும். உடற்கூறியல் கற்பிப்பவர்கள் இதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. அதுவரை நம் சொற்பட்டியலில் கேவர்னஸ் சைனஸ் என்றே இருக்கட்டும்.