ஓல்ட் டிராஃபோர்டுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறம், படிகள் பற்றி உதவி வேணும்

யாழ்ப்பாணம் பாசையூரில இருந்து எழுதுறன். வாற சித்திரையில அப்பாவோட லண்டன் போறம், ஹரோவில அக்கா வீட்டில நிப்பம். அங்கயிருந்து ஒரு நாள் ரயிலில மான்செஸ்டர் போய் மான்செஸ்டர் யுனைடெட் உதைபந்துக் கழகத்தின்ர ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கவேணும். மேட்ச் நாளில உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டமாட்டினம் எண்டபடியால் கிழமை நாளைத்தான் யோசிக்கிறம்.

பிரச்சினை அப்பாவின்ர முழங்கால். 74 வயது. பொல்லோட மெதுவா நடப்பார், படி ஏற ஏலாது, கன நேரம் நிக்கவும் ஏலாது. தேவையெண்டால் சக்கர நாற்காலியில இருப்பார்.

யூடியூபில கன வீடியோ பார்த்தன், எல்லாம் இளம் பெடியள் படியால இறங்கி ஓடுறதுதான். அக்கா ஒருநாளும் அங்க போனதில்லை. இங்க டிக்கெட் போடுற இடத்தில விமானம் பற்றி மட்டும்தான் தெரியும்.

அப்பா துரையப்பா அரங்கில உதைபந்து விளையாடின மனுசன். வெளியில 1958 பெப்ரவரி 6 எண்டு பொறிச்ச மியூனிக் மணிக்கூட்டை (அண்டைக்கு மியூனிக் விமான விபத்தில செத்த கழக வீரர்களின்ர நினைவு) எப்படியும் பார்க்கலாம். ஆனால் அவர் ஆசைப்படுறது 1910இல கட்டின பழைய வீரர் நுழைவுப்பாதையை. 1941 ஜெர்மன் குண்டுவீச்சுக்குப் பிறகும் மிஞ்சி நிக்கிற பகுதி அதுதான்.

வயதானவரைச் சக்கர நாற்காலியில கூட்டிப்போன ஆராவது சொல்லுங்கோ: அந்தப் பாதை வரைக்கும் படியில்லாமல் போக முடிஞ்சுதா?