அப்பா அம்மாவோடு ஒரே நாளில் மூன்று ஊர்: ஹார்ப்பர்ஸ் ஃபெரி, ஷெப்பர்ட்ஸ்டவுன், பெர்க்லி ஸ்பிரிங்ஸ் முடியுமா?

நடுநிசிக்காப்பி:
ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மூன்று வாரம் ஆகிறது. வாஷிங்டன் அருங்காட்சியகங்களை எல்லாம் பார்த்தாயிற்று. "பெரிய ஊர் போதும்ப்பா, இந்த நாட்டில் சின்ன ஊரே கிடையாதா?" என்கிறார் அப்பா. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். சனிக்கிழமை ஹெர்ண்டனிலிருந்து கிளம்பி மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம் போய், தலைப்பில் உள்ள மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப நினைக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏழு வயதுப் பையன் ஒருவன், அரை மணிக்கு ஒருமுறை பசிக்கும். சரிப்படுமா?

மூன்றாம்கியர்:
காரிலேயே பாதி நாள் போய்விடும். இரண்டு ஊரோடு நிறுத்துங்கள்.

பழையகுடை:
இரண்டுகூட வேண்டாம் என்பேன். போன அக்டோபரில் மாமனார் மாமியாரோடு இதே மூன்றையும் ஒரே நாளில் போட்டு, ஒன்றையும் உருப்படியாகப் பார்க்காமல் திரும்பியவன் நான். ஹார்ப்பர்ஸ் ஃபெரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், காரைக் கீழ் ஊருக்குள், அதாவது ஆற்றோரப் பழைய பகுதிக்குள், கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோய் நாற்பது நிமிடம் சுற்றினேன், இடமே இல்லை. மேலே தேசிய வரலாற்றுப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் நிறுத்தினால் பேருந்தில் கீழே கொண்டுவிடுவார்கள். ஜெஃபர்சன் பாறைக்குப் போகும் கல் படிகளை அம்மா மறந்துவிட வேண்டியதுதான். என் மாமியார் பத்துப் படியோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு அந்தத் தீயணைப்பு வண்டிக் கொட்டகை ஒன்றே போதும். 1859 அக்டோபர் 16 இரவு, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று, அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுன் இந்த ஊரின் அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். கடைசியில் இந்தச் சின்னச் செங்கல் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டார். பிடிக்க வந்த கடற்படை வீரர்களுக்குத் தலைமை ராபர்ட் லீ. பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்குத் தளபதியான அதே லீ. பிரவுனின் ஆட்கள் சுட்டு முதலில் செத்தவர் யார் தெரியுமா? ஹேவார்ட் ஷெப்பர்ட் என்ற ரயில் நிலையத் தொழிலாளி. அவரே சுதந்திரமான கறுப்பினத்தவர். மாமனார் அங்கேயே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அப்புறம் அந்தக் கட்டடத்தின் கதை. செங்கல் செங்கலாகப் பிரித்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து ஒரு பண்ணையில் நின்றது, பிறகு 1909-இல் இதே ஊரின் ஸ்டோரர் கல்லூரி வளாகம், 1968-இல்தான் கீழ் ஊர். ஆனால் பழைய இடத்தில் ரயில்பாதைக் கரை வந்துவிட்டதால் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். "ஊரெல்லாம் சுற்றியும் தேர் நிலைக்கு வரவில்லையே" என்றார் மாமனார்.

ஷெனன்டோவா தெருவில் ஒரு கட்டடச் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களை வருடம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். மகளைத் தோளில் தூக்கியும் 1936-ஐத் தொட முடியவில்லை. அதற்கு மேல் குறி கிடையாது. பையனை ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். ரயில்பாதையை ஒட்டியே நடைபாதை. சரக்கு ரயில் வந்தால் பாலமே அதிரும். மறுகரை மேரிலாந்து.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் நுழைந்த கடையில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவல்தான்.

வெந்நீர்ப்பிரியை:
முழங்கால் வலிக்காரருக்கு பெர்க்லி ஸ்பிரிங்ஸைத் தள்ளிவிடாதீர்கள், வேறொரு நாள் போங்கள். ஊற்றுநீர் வருடம் முழுக்க 74 டிகிரி ஃபாரன்ஹீட். வெந்நீர் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், ஆனால் பூங்காவில் கல் வாய்க்காலில் கால் நனைத்து உட்கார அவ்வளவு சுகம். காலி கேன் எடுத்துப் போங்கள், குழாயில் இலவசமாகப் பிடிக்கலாம். 1776-இல் ஊருக்கு வைத்த பெயர் பாத். அதிகாரப்பூர்வமாக இன்றும் அதுதான்.

நடுநிசிக்காப்பி:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஹார்ப்பர்ஸ் ஃபெரி முடிவாகிவிட்டது. ஆனால் 1787-இல் ஜேம்ஸ் ரம்சி நீராவிப் படகு ஓட்டிக் காட்டியது ஷெப்பர்ட்ஸ்டவுனில்தானே, திரும்பும்போது அரை மணி நிறுத்தினால் என்ன என்கிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: பேருந்துப் படி உயரமா?

பழையகுடை:
சக்கர நாற்காலியே ஏறும், கவலை வேண்டாம். அரை மணி என்று அப்பா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.