பரோக் பாடல்களுக்குப் பெட்டி ஆர்கன்: நிதி திரட்டலை எங்கே தொடங்குவது?

குழுச்செயலர்
40 பேர் பாடும் குழு. ஷூட்ஸ், பாக், ஹேண்டல் போன்ற பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) இசையமைப்பாளர்களைத்தான் முக்கியமாகப் பாடுகிறோம். கன்டினுவோவுக்கு (பாட்டுக்கு அடியில் தொடர்ந்து ஓடும் துணைவாசிப்பு) இதுவரை வாடகை ஆர்கன். இனி தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி ஆர்கன் ஒன்றைச் சொந்தமாக வாங்க எண்ணம். ‘ஒரு குழாய்க்கு ஒரு கொடையாளர்’ என்ற முறை (ஆர்கனின் ஒவ்வொரு ஒலிக்குழாய்க்கும் ஒருவர் பெயரில் கொடை பெறுவது) சரிப்படுமா? இலக்குத் தொகையில் கருவியின் விலை தவிர எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

காற்றுப்பெட்டி
சரிப்படும். ஆனால் வசூலைத் தொடங்கும் முன் கருவியின் அமைப்பை முடிவு செய்துவிடுங்கள்; குழாய்களின் எண்ணிக்கை அதைப் பொறுத்தது. வழக்கமான அமைப்பு 8 அடி கெடாக்ட், 4 அடி ஃப்ளூட், 2 அடி பிரின்சிபல் என மூன்று ஸ்டாப் (ஒரே ஒலிவண்ணம் கொண்ட குழாய் வரிசை). கீபோர்டில் 54 கட்டைகள் என்றால் வரிசைக்கு 54ஆக 162 குழாய்கள்.

மொத்தத் தொகையை 162ஆல் வகுத்து ஒரே விலை வைக்காதீர்கள். சிறு தொகை தர நினைப்பவருக்கு அது எட்டாது, பெரிய தொகை தரக்கூடியவர் அதோடு நின்றுவிடுவார். 8 அடி வரிசையின் கீழ் ஸ்தாயியில் உள்ள 12 குழாய்களுக்கு உச்ச விலை; 2 அடி வரிசையின் மேல் ஸ்தாயியில் விரல் நீளமே உள்ள குழாய்களுக்கு மிகக் குறைந்த விலை. ப்ளோயர் (காற்றூதும் விசிறி), காற்றுப்பை, பெட்டி இவற்றுக்குப் பெயர் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அந்தச் செலவையும் குழாய் விலைக்குள்ளேயே அடக்கிவிடுங்கள்.

‘8 அடி’ என்றதும் கொடையாளர் 8 அடி உயரக் குழாயை எதிர்பார்ப்பார். கெடாக்ட் மேல்வாய் அடைத்த மரக்குழாய். பாதி நீளத்திலேயே அதே சுருதி வரும். அதையும் மடக்கித்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். துண்டறிக்கையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பதிவேடு ஒன்றே இருக்கட்டும், ஒருவரிடமே இருக்கட்டும். ஸ்டாப், ஸ்வரம், கொடையாளர், அச்சிட வேண்டிய பெயர், சொன்ன தொகை, வந்த தொகை என்று பத்திகள். இரண்டு பேர் தனித்தனியே குறித்தால் ஒரே குழாய் இருவருக்குப் போய்விடும். பிறகு யாரிடம் போய் மாற்றச் சொல்வது?

குழுச்செயலர்
நன்றி. 415, 440 ஹெர்ட்ஸ் (பரோக் சுருதி, இன்றைய சுருதி) இரண்டுக்கும் பக்கவாட்டில் நகர்த்தும் கீபோர்டு அவசியமா?

சுருதிக்காரர்
பரோக் கருவிகளோடும் இன்றைய கருவிகளோடும் மாறி மாறிப் பாடுவீர்கள் என்றால் அவசியம். 465ம் (இன்னும் உயர்ந்த பழைய சுருதி) சேர்த்து மூன்றும் வேண்டுமென்றால் ஒரு வரிசைக்கு 2 குழாய் கூடும். 162 என்பது 168 ஆகும். துண்டறிக்கை அச்சான பிறகு இதை மாற்றினால் கணக்கெல்லாம் குழம்பும்.

கீபோர்டை நகர்த்தினாலும் குழாய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சமமற்ற சுருதிமுறையில் (எல்லா மேஜர்களும் ஒரே அளவு இனிக்காத பழைய முறை) கூட்டியிருந்தால், 415இல் இனித்த சி மேஜர் 440இல் சி ஷார்ப் மேஜருக்குரிய கரகரப்போடு ஒலிக்கும். அப்போது மறுபடி சுருதி கூட்டியாக வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். அறையின் வெப்பம் 1 டிகிரி ஏறினால் 415 ஏறத்தாழ 0.7 ஹெர்ட்ஸ் உயரும். 5 டிகிரிக்கு 3.5. ஆகவே கச்சேரி நேரத்து வெப்பநிலையில்தான் கூட்ட வேண்டும். காற்று மிக உலர்ந்தால் குழாய்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் காற்றறைப் பலகை வெடித்து, ஒரு ஸ்வரத்தின் காற்று பக்கத்துக் குழாய்க்குக் கசியும். ஈரம் மிஞ்சினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதமானி, தடித்த உறை, ஆண்டுப் பராமரிப்பு மூன்றையும் இலக்கில் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை
சுமக்கும் செலவை மறக்காதீர்கள். ‘கையடக்கம்’ என்று பெயர்தான். பல கருவிகள் 100 கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டாகப் பிரியுமா, வண்டிக் கதவுக்குள் நுழையுமா என்று செய்பவரிடம் அளவு கேளுங்கள். சக்கரப் பலகை, சாய்வுப் பலகை, காப்பீடு, வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்கம் எல்லாமே செலவுதான். பணமும் மொத்தமாகப் போகாது. பெரும்பாலும் ஆர்டரின் போது முன்பணம், வேலை நடக்கும்போது ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி. கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் நாணய மதிப்பு மாறும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

தனிக் கணக்கு திறங்கள். இலக்கை எட்டாவிட்டால் பணம் என்னாகும், மிஞ்சினால் எதற்குப் போகும் என்பதை முதல் ரசீதுக்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் சந்தேகம்தான் வரும். பொது அறிவிப்புக்கு முன் குழுவினரிடமும் நெருங்கியவர்களிடமும் பாதித் தொகைக்காவது வாக்கு வாங்குங்கள். காலியான பட்டியலைப் பார்ப்பவர் தயங்குவார், பாதி நிரம்பியதைப் பார்ப்பவர் தனக்கும் ஒரு குழாய் தேடுவார்.

கீழ்க்குரல்
நிதி திரட்டலின் தொடக்கக் கச்சேரிக்கு ஷூட்ஸின் ‘முசிகாலிஷ எக்செக்வியன்’ (1636) என்ற இரங்கல் இசை பொருத்தம். குரல்களும் கன்டினுவோவும் இருந்தால் போதும், இசைக்குழுச் செலவில்லை. ஒரு பகுதியை மின்கீபோர்டோடு பாடிவிட்டு, அதையே வாடகை ஆர்கனோடு திரும்பப் பாடுங்கள். இடைவேளையில் பின்பலகையைக் கழற்றி, ஒரு சிறு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். மெதுவாக ஊத வேண்டும். பலமாக ஊதினால் சுருதி தாவிவிடும். வாக்குப் படிவமும் பேனாவும் அந்த மேசையிலேயே இருக்கட்டும்.