கடற்கொள்ளையர் சிலேடை ஒன்று வேண்டும்

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா குடும்பம் டிஸ்னிலேண்ட் பைத்தியம். 1967-இல் திறந்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படகுச் சவாரிக்கு அடுத்த மாதம் எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட்டில் போகிறோம். வாசகம் தமிழில் வேண்டுமாம். பொறுப்பு என் தலையில்.

அந்த ஊர் ரசிகர்களின் கடி ஜோக்குகளில் பாதி இரட்டை அர்த்தம்தான். 'பூட்டி' என்றால் கொள்ளையடித்த பொருள், பின்பக்கமும் அதுவே. 'செஸ்ட்' புதையல் பெட்டி, மார்பும்கூட. கொள்ளையனுக்குப் பிடித்த எழுத்து எது? சினிமாக் கொள்ளையர் 'ஆர்ர்' என்று உறுமுவதால் 'ஆர்' என்பீர்கள். இல்லை, 'சி'. அதாவது கடல். (அக்கா மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.)

'கொள்ளை அழகு' யோசித்தேன். பொருந்துகிறது, ஆனால் ரொம்பச் சாது. முதுகில் 'கொள்ளைப்புறம்' என்று அச்சடித்தால் பூட்டிக்குச் சரியான ஜோடி. ஆனால் எழுத்துப்பிழை என்று அத்தான் பிடித்துக்கொள்வார். காளமேகப் புலவரின் மொழியில் இதற்கா பஞ்சம்?

பெண்களைச் சீண்டும் வரி வேண்டாம். அந்தச் சவாரியிலேயே பெண்ணை ஏலம் விடும் காட்சியை 2018-இல் மாற்றி, அவளையும் கொள்ளைக்காரி ஆக்கிவிட்டார்கள். அப்புறம், அம்மாவும் அதே டி-ஷர்ட்தான் போடுவார். நான்கு சொல்லுக்குள் இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.