பயம் கற்ற எலியும் மைக்ரோகிளியாவும்: மரபணுக் கணக்கை நம்பலாமா?

அகத்தி:
மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவை இன்னும் "மூளையின் குப்பை வண்டி" என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். எலிக்கு ஒரு ஒலி, கூடவே பாதத்தில் லேசான மின் அதிர்ச்சி. மறுநாள் ஒலி மட்டும் கேட்டாலே போதும், மூச்சு விடுவதைத் தவிர வேறு அசைவே இல்லாமல் உறைந்து நிற்கும். இப்படிப் பயந்து கற்ற எலியின் மைக்ரோகிளியாவில் மரபணுச் செயல்பாடு மாறியிருந்தால், அந்தச் செல்லும் கற்றலில் பங்காளி என்றுதானே அர்த்தம்? 2013-இல் நியூயார்க் குழு ஒன்று இந்தச் செல்களை டிப்தீரியா நச்சால் அழித்துப் பார்த்தது. எலிகளின் பய நினைவு மங்கியது.

கூழாங்கல்:
பங்கு இருக்கலாம். ஆனால் மரபணு மாறியதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அதை அளக்க மூளையிலிருந்து செல்களைத் தனியே பிரிக்க வேண்டும்; நான் இரண்டு வருடம் அந்த வேலை செய்தவன். மூளையைப் பொடியாக நறுக்கி, நொதி ஊற்றி, 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் குழாயை வைப்போம். அரைமணி கழித்து எடுத்தால் திரிந்த மோர் மாதிரி கலங்கியிருக்கும். காயம் எங்கே என்று மோப்பம் பிடிப்பதே மைக்ரோகிளியாவின் பிழைப்பு. அது அந்த அரைமணி நேரமும் சும்மா இருக்குமா? 2022-இல் இதையே சோதித்துக் காட்டினார்கள்: நொதியால் பிரிக்கும்போதே, செல் தூண்டப்பட்டதும் முதலில் விழிக்கும் ஃபாஸ், ஜூன் மரபணுக்கள் எகிறிவிடுகின்றன. கற்றலின் கையெழுத்து என்று நாம் கொண்டாடும் அதே ஃபாஸ்!

அகத்தி:
அந்த ஆய்விலேயே மருந்தும் இருக்கிறதே. ஆர்என்ஏ (மரபணுவின் நகல்), புரத உற்பத்தியைத் தடுக்கும் வேதிப்பொருட்களைச் சேர்த்துக்கொண்டால் அந்தப் போலிச் செயல்பாடு அடங்கிவிடும். அதோடு, பயிற்சி பெறாத எலியின் செல்களும் அதே தொட்டியில்தானே கிடந்தன? நாம் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை.

கூழாங்கல்:
மேளச் சத்தத்தில் கொசு ரீங்காரம் கேட்குமா? இரைச்சல் அவ்வளவு பெரிது. நீங்கள் சொன்ன வேதிப்பொருட்களைச் சேர்ப்பது சரியான வழிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வேடிக்கை: அவற்றில் ஒன்று, புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசின். 2000-இல் எலி மூளையின் பய மையமான அமிக்டலாவில் செலுத்தி, நினைவூட்டப்பட்ட பயத்தையே கலைத்துக் காட்டிய மருந்தும் அதுதான்.

தும்பை:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எந்த எலியோடு ஒப்பிடுகிறீர்கள்? கூண்டில் தூங்கிக்கொண்டிருந்த எலியோடு என்றால், நீங்கள் அளப்பது கற்றலை அல்ல, அதிர்ச்சியின் மன அழுத்தத்தை. பெட்டியில் விட்ட அதே நொடியில் அதிர்ச்சி கொடுத்துப் பாருங்கள். வலி அதே வலிதான், ஆனால் இடத்தைப் பார்த்து மனதில் வாங்க எலிக்கு நேரம் இல்லை. மறுநாள் அதே பெட்டியில் விட்டால் அவ்வளவாக உறையாது. அந்த எலியிலும் மைக்ரோகிளியா அதே மாதிரி மாறியிருந்தால், அகத்தி, உங்கள் பங்காளி பங்காளியே இல்லை.

அகத்தி:
நியாயமான அடி. ஆனால் செல்களை அழித்த சோதனையை என்ன செய்வீர்கள்?

கூழாங்கல்:
அடுத்த வருடமே கலிஃபோர்னியாவில் பிஎல்எக்ஸ்3397 என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து, வளர்ந்த எலிகளின் மைக்ரோகிளியாவை ஏறக்குறைய முழுதாகவே துடைத்தார்கள். கற்றலில் குறை தெரியவில்லை. 2020-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு பயிற்சிக்குப் பிறகு அழித்தது. எலிகள் பயத்தை மறக்கவே சிரமப்பட்டன! இல்லாவிட்டால் கற்காது, இல்லாவிட்டாலும் கற்கும், இல்லாவிட்டால் மறக்காது. இதில் எதை நம்புவது?

அகத்தி:
மூன்றும் உண்மையாக இருக்கலாம். நச்சு செல்லைக் கொன்று குப்பையை அங்கேயே விடுகிறது என்பீர்கள், தெரியும். ஆனால் 2013 குழு செல்லைக் கொல்லாமல், நரம்பு இணைப்புகளை வளர்க்கும் புரதமான பிடிஎன்எஃப்-இன் மரபணுவை மட்டும் மைக்ரோகிளியாவிலிருந்து நீக்கியும் பார்த்தது. பெரும்பாலும் அதே விளைவுதான்.

கூழாங்கல்:
எத்தனையோ ஆர்என்ஏ தரவுகளில் மைக்ரோகிளியாவில் பிடிஎன்எஃப் கண்ணிலேயே படுவதில்லை, கவனித்தீர்களா?

அகத்தி:
கவனித்தேன். அதுதான் எனக்கும் உறுத்துகிறது. சரி, தும்பை சொன்ன உடனடி அதிர்ச்சி எலியை வைத்த தரவு கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கூழாங்கல்:
தேடும்போது தொட்டி எத்தனை டிகிரி என்றும் பாருங்கள். ஐஸில் வைத்துப் பிரித்திருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.