ஹைலி காம்போசிட் நம்பர்: ‘உயர்பகு எண்’ணா, ‘விஞ்சுகாரணி எண்’ணா?

அன்பர்களுக்கு வணக்கம். ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘உயர்பகு எண்’ போதுமே, மூலத்துக்கும் நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான். ஆனால் மூலத்தில் இருக்கிற குறையும் கூடவே வந்துவிடுகிறது. போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் 1, 2, 4, 6, 12, 24, 36 என்று பலகையில் எழுதி, “தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்டவை, உயர்பகு எண்கள்” என்றேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “சார், 2 பகா எண்ணாச்சே, அது எப்படிப் பகு எண் ஆகும்?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. 1-உம் பகு எண் கிடையாது. புதிதாகச் சொல் ஆக்கும் நாம் ஏன் இந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டும்?

இன்னொருவர் சொன்ன ‘மிகுபகு எண்’ணில் வேறு சிக்கல். ‘மிகையெண்’ என்றால் தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சும் எண். 20 மிகையெண்: 1+2+4+5+10=22. ஆனால் நாம் பேசும் பட்டியலில் 20 வராது. அதன் ஆறு காரணிகளை 12 முன்பே எட்டிவிட்டது. 4 பட்டியலில் உண்டு, மிகையெண் அல்ல. ஒன்று ‘மிகு’, இன்னொன்று ‘மிகை’ என்று ஒரே போலத் தொடங்கினால் மாணவர்கள் குழம்பத்தான் செய்வார்கள்.

கணித மேதை இராமானுசன் இந்த எண்களைப் பற்றி 1915-இல் வெளியிட்ட கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேம்பிரிட்ஜ் மறு ஆண்டு அவருக்குப் பட்டம் தந்தது இந்த ஆய்வுக்குத்தான். 6746328388800 வரை கையாலேயே பட்டியல் போட்டிருக்கிறார். அதில் விட்டுப்போனது ஒரே ஓர் எண், 293318625600. அதைப் பிரித்துப் பாருங்கள்: 2 முதல் 19 வரை எட்டுப் பகா எண்களும் ஒன்றுவிடாமல் வருகின்றன. அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறுவதில்லை, கடைசி அடுக்கு 1. (1-ஐ விட்டால் பட்டியலில் மற்ற எல்லா எண்களும் இப்படித்தான்; 4, 36 இரண்டில் மட்டும் கடைசி அடுக்கு 2.) ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. அந்த 5040-ஏ இதே பட்டியலில் இருக்கும் எண், அதற்கு 60 காரணிகள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, வரையறையின் உயிர் பகுபடுவதில் இல்லை, காரணி எண்ணிக்கையில் முந்தைய எல்லாவற்றையும் விஞ்சுவதில் இருக்கிறது. அதனால் ‘விஞ்சுகாரணி எண்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 2 விஞ்சுகாரணி எண் என்றால் யாருக்கும் உறுத்தாது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. விஞ்சாவிட்டாலும் முந்தையவற்றுக்குக் குறையாத எண்கள் இருக்கின்றன, 3, 8, 10, 18, மேலே சொன்ன 20 போல. ‘லார்ஜ்லி காம்போசிட்’ என்பார்கள். அவற்றையும் சேர்த்துக் ‘குறையாக்காரணி எண்’ எனலாம். விஞ்சுகாரணி எண்கள் எல்லாம் அதற்குள் தானாகவே அடங்கிவிடும்.

‘சுப்பீரியர் ஹைலி காம்போசிட்’டுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. காரணி எண்ணிக்கையை எண்ணின் ஏதோ ஒரு நேர்ம அடுக்கால் வகுத்தால், அந்த விகிதத்தில் வேறெந்த எண்ணுக்கும் பின்தங்காத விஞ்சுகாரணி எண்கள் அவை; 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று போகும் வரிசை அது. ‘உயர்’ என்று முன்னால் ஒட்டுவதை விட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.